சேமிப்பவரை மறந்த சேனல்

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மியூச்சுவல் ஃபண்டிலோ பங்கிலோ போட்டுவைக்கும் ஒரு குடும்பத்துக்குச் சந்தைச் செய்தி எவ்வளவு தேவை? காலாண்டுக்கு ஒருமுறை வரும் நிறுவன முடிவுகள், வட்டி விகிதம் மாறினால் அது, பட்ஜெட்டில் வரி மாறினால் அது. மாதத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே தாராளம். ஆனால், வணிகச் செய்திச் சேனல் விடியற்காலையில் தொடங்கி இரவு வரை ஓடியாக வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், வருடம் முழுக்க. இந்த இரண்டு தேவைகளுக்கும் இடையில் பெரிய பள்ளம் இருக்கிறது. அதை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் சேனல்களின் நிகழ்ச்சி நிரலைத் தீர்மானித்துவருகிறது. நிரப்பிய விதம் சேமிப்பவருக்கு நல்லது செய்யவில்லை என்பதே என் கருத்து. அதை விளங்கிக்கொள்ள, உலகெங்கும் வணிகச் சேனல்களுக்கு அச்சாக அமைந்த அமெரிக்காவின் சிஎன்பிசி கடந்துவந்த பாதையைப் பார்க்க வேண்டும்.

1989 ஏப்ரல் 17 அன்று, நியூ ஜெர்சி மாநிலத்தின் ஃபோர்ட் லீ என்ற ஊரிலிருந்து சிஎன்பிசி ஒளிபரப்பைத் தொடங்கியது. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் கையில் அப்போதிருந்த என்பிசியும் கேபிள்விஷன் நிறுவனமும் சேர்ந்து ஆரம்பித்த சேனல் அது. ‘கன்ஸ்யூமர் நியூஸ் அண்ட் பிசினஸ் சேனல்’ என்ற முழுப் பெயரிலேயே நுகர்வோர்தான் முதலில் வந்தார். பங்குச் சந்தை வரவில்லை. வீட்டுக் கடன், காப்பீடு, பொருள் வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது போன்ற நடுத்தரக் குடும்பத்தின் பணக் கவலைகளுக்கு அதன் ஆரம்ப கால நிகழ்ச்சிகளில் நல்ல இடம் இருந்தது.

ஆனால், அதற்கு முன்பே களத்தில் ஒரு போட்டியாளர் இருந்தார். 1981 முதல் ஓடிக்கொண்டிருந்த ஃபைனான்ஷியல் நியூஸ் நெட்வொர்க். திரையின் அடியில் பங்கு விலைகள் இடைவிடாமல் ஓடும் டிக்கர் பட்டையை அமெரிக்க வீடுகளுக்குப் பழக்கியது அந்தச் சேனல்தான். அது கடனில் மூழ்கி ஏலத்துக்கு வந்தபோது, டவ் ஜோன்ஸ் தரப்பு ஒரு பக்கம், சிஎன்பிசி மறுபக்கம் எனக் கடும் போட்டி நடந்தது. 1991-ல் 15 கோடி டாலருக்கும் அதிகமாகக் கொடுத்து சிஎன்பிசி அதை வாங்கியது. வாங்கியது சேனலை மட்டுமல்ல; அதன் டிக்கரை, ஊழியர்களை, பார்வையாளர்களை, பகல் முழுக்கச் சந்தையையே காட்டுவது என்ற பழக்கத்தையும் சேர்த்துத்தான். நுகர்வோர் ஓரமாக ஒதுங்கத் தொடங்கியது அப்போதிலிருந்துதான்.

பகலுக்குச் சந்தை கிடைத்துவிட்டது. மாலை நான்கு மணிக்கு நியூயார்க் பங்குச் சந்தை மூடிய பிறகு என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு சிஎன்பிசி உருப்படியான பதிலைக் கண்டுபிடித்ததே இல்லை. டிக் கேவட்டின் உரையாடல்கள், ஃபில் டோனஹ்யூவும் சோவியத் பத்திரிகையாளர் விளாதிமிர் போஸ்னரும் இணைந்து நடத்திய விவாதம் என ஆரம்ப ஆண்டுகளின் இரவுகள் கழிந்தன. 1993-ல் ரோஜர் ஐல்ஸ் பொறுப்புக்கு வந்தார். பின்னாளில் ஃபாக்ஸ் நியூஸை உருவாக்கியவர் இவர்தான். அவர் காலத்தில் 1994-ல் வந்த ஹெரால்டோ ரிவேராவின் இரவு நிகழ்ச்சி, ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கைப் பிடித்துக்கொண்டு பார்வையாளர்களைக் குவித்தது. பகலில் வட்டி விகிதம், இரவில் கொலை வழக்கு. இரண்டையும் ஒரே சேனலில் பார்த்தவர்கள் குழம்பியிருப்பார்கள். ஆனால், ஐல்ஸ் ஒரு பாடத்தைத் தெளிவாகக் கற்றிருந்தார்: தகவலைவிட ஆளுமைதான் விற்கும். அந்தப் பாடம் விரைவிலேயே இரவிலிருந்து பகலுக்கும் வந்தது.

1995-ல் தொடங்கிய ‘ஸ்குவாக் பாக்ஸ்’ காலை நிகழ்ச்சி அதன் முதல் பெரிய விளைச்சல். தரகு நிறுவனங்களில் ஆய்வாளர்களின் குரலை வியாபாரிகளுக்குக் கொண்டுசேர்க்கும் ஒலிபெருக்கிக்கு உள்ள பெயர் அது. மார்க் ஹெய்ன்ஸ், டேவிட் ஃபேபர், ஜோ கெர்னன் மூவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விளையாட்டு வர்ணனைபோல் சந்தையைப் பேசினார்கள். ஆட்டத்துக்கு முந்தைய அலசல், ஆட்டம், பிந்தைய அலசல் என்ற வடிவம் அப்படியே சந்தைக்குப் பொருந்தியது. அதே ஆண்டில் மரியா பார்ட்டிரோமோ நியூயார்க் பங்குச் சந்தையின் தளத்தில் நின்று தினமும் நேரலையில் பேசத் தொடங்கினார். தரகர்கள் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடும் நெரிசலுக்கு நடுவில் நின்று பேசிய முதல் தொலைக்காட்சிச் செய்தியாளர் அவர்.

அந்தக் காலகட்டத்தின் மனநிலைக்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்க மத்திய வங்கி வட்டியைத் தீர்மானிக்கக் கூடும் நாட்களில், தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் காலையில் அலுவலகத்துக்கு நடந்துவருவதை சிஎன்பிசி கேமரா பின்தொடரும். அவர் கையிலிருந்த தோல் பெட்டியின் பருமனைத் திரையில் பெரிதாகக் காட்டுவார்கள். பெட்டி புடைத்திருந்தால் உள்ளே நிறையக் காகிதம், ஆகவே வட்டி மாறும். மெலிந்திருந்தால் மாறாது என்பது ஊகம். இதற்கு ‘பெட்டிக் குறியீடு’ என்றே பெயர் வைத்தார்கள். அறிவிப்பு வரப்போவது மதியம் இரண்டேகால் மணிக்கு. அதுவரை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், நேரம் இருக்கிறது. ஒன்றுமில்லாத நேரத்தை எதிர்பார்ப்பாக மாற்றும் வித்தையைச் சேனல் இங்கேதான் கற்றது. இன்று நம் ஊர்ச் சேனல்களில் ரிசர்வ் வங்கிக் கூட்டத்தன்று காலையிலிருந்து ஓடும் கடிகாரக் கவுன்ட்டவுன் அந்த வித்தையின் வாரிசு.

நேயர்கள் ஏன் இதற்கு மயங்கினார்கள் என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். 1980-களில் தொடங்கி அமெரிக்கத் தொழிலாளர்களின் ஓய்வூதியம் ‘401-கே’ என்ற திட்டத்தின் வழியாகத் தனிநபர் கணக்குகளுக்கு மாறியது. முதலாளி உத்தரவாதம் தந்த பென்ஷன் போய், தன் முதுமைக்கான பணத்தைத் தானே பங்குச் சந்தையில் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. கோடிக்கணக்கான பேர் விரும்பியோ விரும்பாமலோ முதலீட்டாளர்கள் ஆனார்கள். வால் ஸ்ட்ரீட் வட்டாரத்துக்குள் மட்டும் சுற்றிவந்த தகவல், சாதாரண வீட்டின் வரவேற்பறைக்கு வந்தது பெரிய மாற்றம். ஒரு நிறுவனத் தலைவரை நேரலையில் உட்காரவைத்து, லாபம் ஏன் குறைந்தது என்று கேட்பது, அதற்கு முன் சில நூறு பெரிய முதலீட்டாளர்களுக்கு மட்டும் கிடைத்த வாய்ப்பு. இந்தப் பெருமையை சிஎன்பிசியிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

ஆனால், விளம்பரம் தந்தது யார்? தரகுக் கட்டணத்தைத் தரகர்களே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று 1975 மே 1 முதல் அமெரிக்கா அனுமதித்தபின் தள்ளுபடித் தரகர்கள் வளர்ந்தார்கள். தொண்ணூறுகளில் இ-டிரேடு, அமெரிட்ரேடு போன்ற இணையத் தரகர்கள் வந்தார்கள். வாடிக்கையாளர் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் விற்கும்போதும் அவர்களுக்கு வருமானம். வாங்கிப்போட்டுவிட்டுப் பத்து வருடம் சும்மா இருப்பவரால் அவர்களுக்கு ஆதாயம் இல்லை. அடிக்கடி எதையாவது செய்யத் தூண்டும் நிகழ்ச்சியும் அடிக்கடி செய்தால் சம்பாதிக்கும் விளம்பரதாரரும் இப்படி ஒன்றுசேர்ந்தார்கள். இதில் சதி எதுவும் இல்லை. இருவர் நலனும் ஒத்துப்போனதுதான் காரணம். அதனாலேயே அது இவ்வளவு காலம் நீடித்திருக்கிறது.

2000 மார்ச் 10 அன்று நாஸ்டாக் குறியீடு 5,048 புள்ளிகளில் முடிந்தது. 2002 அக்டோபரில் அது 1,114-க்கு இறங்கியது. ஏற்றத்தின்போது சேனல்களில் நட்சத்திரங்களாக வலம்வந்த ஆய்வாளர்கள் சிலர், தாங்கள் பரிந்துரைத்த பங்குகளைத் தங்களுக்குள் மின்னஞ்சலில் மட்டமாகப் பேசியது விசாரணையில் வெளிப்பட்டது. மெரில் லிஞ்சின் ஹென்றி பிளாட்ஜெட் 2003-ல் பல லட்சம் டாலர் கட்டி, பங்குத் தொழிலிலிருந்து வாழ்நாள் முழுக்க விலக்கப்பட்டார். அதே ஆண்டில் பத்து பெரிய தரகு நிறுவனங்கள் சுமார் 140 கோடி டாலருக்கு அரசோடு சமரசம் செய்துகொண்டன. அந்த ஆய்வாளர்களுக்கு மேடை தந்த சேனல்கள் எந்த அபராதமும் கட்டவில்லை. பேசுபவர் அந்தப் பங்கை வைத்திருக்கிறாரா என்று திரையில் காட்டும் பழக்கம் அதன் பிறகே வலுப்பெற்றது.

நேயருக்கு இதில் உண்மையில் என்ன கிடைத்தது? ஜெஃப்ரி பஸ்ஸே, கிளிஃப்டன் கிரீன் என்ற இரு நிதியியல் பேராசிரியர்கள், சிஎன்பிசியின் காலை, மதிய நேர ஆய்வாளர் கருத்துகள் ஒளிபரப்பான விநாடியிலிருந்து பங்கு விலைகள் எப்படி நகர்ந்தன என்று அளந்து 2002-ல் வெளியிட்டார்கள். சாதகமான செய்தி என்றால், ஒரு நிமிடத்துக்குள் விலை அதை உள்வாங்கி முடித்துவிடுகிறது. விநாடிக் கணக்கில் செயல்படும் தொழில்முறை வியாபாரிக்கு வேண்டுமானால் அதில் சிறு லாபம் உண்டு. சாப்பிட்டபடியே டிவி பார்த்து, போனை எடுத்துத் தரகரைக் கூப்பிடுபவருக்கு ஏறிய விலைதான் கிடைக்கும். நேரலைச் செய்தியின் வேகம் சிறு முதலீட்டாளருக்கான சேவை என்ற நம்பிக்கையை இதைவிடத் தெளிவாக உடைத்த ஆய்வை நான் படித்ததில்லை.

சரிவுக்குப் பிறகு சேனல் திசை தெரியாமல் தவித்தது. சந்தை இறங்கும்போது அதைப் பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை. 2004-ல் டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோவை வைத்து ஓர் இரவு நிகழ்ச்சி நடத்தினார்கள். பார்வையாளர் அளவீட்டில் அது பூஜ்யத்தைத் தொட்டு, சில மாதங்களில் நின்றுபோனது. நகைச்சுவையாளர் டென்னிஸ் மில்லரும் இதழாசிரியர் டீனா பிரவுனும்கூட நீடிக்கவில்லை.

நிலைத்தவர் ஒருவர்தான். 2005 மார்ச்சில் தொடங்கிய ‘மேட் மணி’யின் ஜிம் கிரேமர். முன்னாள் ஹெட்ஜ் ஃபண்ட் மேலாளர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அரங்கம் முழுக்க நடப்பார், நாற்காலியைத் தூக்கி எறிவார். மேஜையில் பெரிய பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் காளை முழங்கும், இன்னொன்றை அழுத்தினால் கரடி உறுமும். ‘மின்னல் சுற்று’ என்ற பகுதியில் நேயர்கள் போனில் ஒரு பங்கின் பெயரைச் சொல்வார்கள். சில விநாடிகளில் ‘வாங்கு’, ‘விற்றுவிடு’ என்று தீர்ப்பு வரும். ஒரு குடும்பத்தின் வயது, கடன், மற்ற சேமிப்பு எதையும் கேட்காமல் சொல்லப்படும் தீர்ப்பு. நிகழ்ச்சியில் கல்வியும் உண்டு, ஒரே துறையில் எல்லாவற்றையும் போடாதே என்பது போன்ற நல்ல பாடங்களும் உண்டு. ஆனால், நேயர் மனதில் தங்கியது பொத்தான்தான்.

2008 மார்ச் 11 அன்று பீட்டர் என்ற நேயர், பேர் ஸ்டெர்ன்ஸ் என்ற முதலீட்டு வங்கி நிறுவனத்திலிருந்து தன் பணத்தை எடுத்துவிட வேண்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம், அந்த நிறுவனம் நன்றாகத்தான் இருக்கிறது என்று கிரேமர் உரத்த குரலில் பதில் சொன்னார். அன்று அந்தப் பங்கு அறுபது டாலருக்கு மேல். ஐந்தே நாளில், மார்ச் 16 ஞாயிற்றுக்கிழமை, ஜே.பி.மோர்கன் அதைப் பங்குக்கு இரண்டு டாலர் என்று வாங்க ஒப்பந்தம் போட்டது. பிறகு அது பத்து டாலராக உயர்த்தப்பட்டது. தான் பேசியது அங்கே கணக்கில் இருந்த பணத்தைப் பற்றி, பங்கைப் பற்றி அல்ல என்று கிரேமர் பின்னர் விளக்கினார். விளக்கம் ஏற்கத்தக்கதே, கணக்கு வைத்திருந்தவர்கள் பணத்தை இழக்கவில்லை. ஆனால், கேட்டுக்கொண்டிருந்த லட்சக்கணக்கானோரில் எத்தனை பேருக்கு அந்த வேறுபாடு புரிந்திருக்கும்? நுணுக்கத்துக்கு இடமில்லாத வடிவத்தில் நுணுக்கமான கேள்விக்குப் பதில் சொன்னதுதான் தவறு. தனி மனிதர் மேல் பழியைப் போட்டுவிட்டு அந்த வடிவத்தைத் தப்பிக்க விடக் கூடாது.

2009 மார்ச்சில் நையாண்டி நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜான் ஸ்டூவர்ட், கிரேமரை எதிரில் உட்காரவைத்துக் கேட்ட கேள்விகள் அமெரிக்கா முழுவதும் பேசப்பட்டன. வீடு பற்றி எரியப்போவது தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்பதே அவற்றின் சாரம். இதற்கு ஒரு மாதம் முன்புதான் அதே சேனல், டேவிட் ஃபேபரின் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ ஆவணப்படத்தை ஒளிபரப்பியிருந்தது. கலிஃபோர்னியாவில் தகுதியில்லாதவருக்கு வீட்டுக் கடன் விற்ற முகவரில் தொடங்கி, அந்தக் கடனைப் பொட்டலம் கட்டி விற்ற வங்கி, அதற்கு உயர் மதிப்பீடு தந்த நிறுவனம், வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட நார்வே நாட்டுச் சிற்றூர் வரை ஒரே சங்கிலியாகத் தொடர்ந்து காட்டிய படம். பீபடி விருது பெற்றது. சேனலுக்கு அறிவோ திறமையோ இல்லாமல் போகவில்லை என்பதற்கு அதுவே சான்று. இப்படிப்பட்ட ஓர் ஆவணப்படத்துக்கு மாதக்கணக்கான உழைப்பு வேண்டும். அது நிரப்புவதோ இரண்டு மணி நேரம். மீதி நேரத்துக்குக் கூச்சல்தான் மலிவு.

அந்தக் கூச்சலின் உச்சம் 2013 ஜனவரி 25 அன்று வந்தது. சத்துப்பொருள் நிறுவனமான ஹெர்பாலைஃபின் பங்கு விழும் என்று 100 கோடி டாலர் பந்தயம் கட்டியிருந்த முதலீட்டாளர் பில் ஆக்மனும், அதற்கு எதிர்ப்பக்கம் நின்ற முதலீட்டாளர் கார்ல் ஐகானும் மதிய நிகழ்ச்சியில் தொலைபேசி வழியே மோதிக்கொண்டார்கள். ஏறக்குறைய அரை மணி நேரம் ஒருவரையொருவர் வசைபாடினார்கள். பங்குச் சந்தைத் தளத்தில் தரகர்கள் வேலையை விட்டுவிட்டு டிவியை அண்ணாந்து பார்த்தார்கள். அந்தச் சத்துப்பொருளை விற்ற எளிய மனிதர்கள், பெரும்பாலும் குடியேறிகள், அதில் சம்பாதித்தார்களா, இழந்தார்களா என்ற கேள்விக்கு அந்த அரை மணி நேரத்தில் கிடைத்த இடம் மிகக் குறைவு.

அதே காலத்தில் இரவுப் பிரச்சினைக்கும் ஒருவிதத் தீர்வு கண்டார்கள். பண மோசடிக் குற்றங்களைச் சொல்லும் ‘அமெரிக்கன் கிரீட்’ 2007-ல் வந்தது. நொடித்துப்போன சிறு தொழில்களைத் தூக்கிநிறுத்தும் ‘தி ப்ராஃபிட்’ 2013-ல் வந்தது. அடுத்த ஆண்டு ஏபிசியின் ‘ஷார்க் டேங்க்’ மறுஒளிபரப்பு. இவற்றில் ‘தி ப்ராஃபிட்’ எனக்கு மதிப்புக்குரியது. சரக்குக்கு அடக்க விலை எவ்வளவு என்றே தெரியாமல் கடை நடத்துபவர்களை அது காட்டியது. பங்கு விலை எதுவும் திரையில் ஓடாத அந்த ஒரு மணி நேரத்தில் தொழில் என்றால் என்ன என்று நேயருக்குப் புரிந்தது.

பகலைப் பொறுத்தவரை, சேனலைப் பார்ப்பவர்கள் யார் என்பதே மாறிவிட்டது. 2015-ல் பகல்நேரப் பார்வையாளர் கணக்குக்கு அளவீட்டு நிறுவனமான நீல்சனை நம்புவதில்லை என்று சிஎன்பிசி முடிவெடுத்தது. தரகு அலுவலகங்களிலும் கிளப்புகளிலும் விமான நிலையங்களிலும் பார்ப்பவர்களை, அதாவது வசதி படைத்தவர்களை, நீல்சன் அப்போது எண்ணவில்லை என்பது காரணம். அங்கெல்லாம் பெரும்பாலும் ஒலியை அணைத்துவிட்டுத்தான் டிவி ஓடும். நுகர்வோரின் பெயரைத் தாங்கிப் பிறந்த சேனல், வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவரின் எண்ணிக்கை தனக்கு உரைகல் அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. ஒப்பீட்டுக்கு 1994-ல் தொடங்கிய புளூம்பெர்க் தொலைக்காட்சியைப் பார்க்கலாம். அதன் தாய் நிறுவனத்தின் வருமானம் வங்கிகளுக்கு விற்கும் தகவல் கணினிகளிலிருந்து வருகிறது. பார்வையாளரைச் சீண்டிப் பிடித்துவைக்க வேண்டிய நெருக்கடி குறைவு, குரலும் தணிவு.

இந்த வடிவம் பெயரோடு சேர்ந்து இந்தியாவுக்கும் வந்தது. ராகவ் பாலின் டிவி-18 கூட்டோடு 1999 டிசம்பரில் சிஎன்பிசியின் இந்தியச் சேனல் தொடங்கியது. 2005-ல் இந்தியில் ஆவாஸ், 2014-ல் குஜராத்தியில் பஜார். போட்டிச் சேனல்களும் வந்தன. தமிழில் சந்தை பேசும் இடம் இன்று பெரும்பாலும் யூடியூப். ஆனால், அங்கும் டார்கெட், ஸ்டாப் லாஸ், இன்ட்ராடே என்ற பேச்சும் அவசரமும் இந்தச் சேனல்களிலிருந்து வந்தவைதான். அமெரிக்காவில் இருபது ஆண்டுகளில் நடந்தது இங்கே சில ஆண்டுகளில் நடந்துவிட்டது. 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள், நான்கே ஆண்டுகளில் 15 கோடியைத் தாண்டின. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024-ல் அறிவித்தது. இந்த இழப்புக்குச் சேனல்களே காரணம் என்று சொல்ல மாட்டேன்; கைபேசிச் செயலிகளுக்கும் குறைந்த தரகுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால், நாள் முழுவதும் இதை இயல்பான வேலைபோலக் காட்டியதில் சேனல்களுக்குப் பங்கு இல்லை என்றும் சொல்ல முடியாது.

நேர்மையற்றவர்களுக்கு இந்த வடிவம் எவ்வளவு வசதி என்பதும் செபியின் உத்தரவுகளில் இருக்கிறது. 2021 ஜனவரியில், தன் நிகழ்ச்சியில் பரிந்துரைக்கவிருக்கும் பங்குகளை முந்தைய நாளே குடும்பத்தார் கணக்கில் வாங்கிவைத்ததாக ஒரு இந்திச் சேனல் தொகுப்பாளர் மீது இடைக்கால உத்தரவு வந்தது. 2024 பிப்ரவரியில், விருந்தினராக வந்த சில நிபுணர்கள் தாங்கள் சொல்லப்போகும் பெயரை முன்கூட்டியே வேண்டியவர்களுக்குச் சொல்லிவிட்டதாகவும், நேயர்கள் வாங்கி விலை ஏறியதும் அவர்கள் விற்று லாபம் பார்த்ததாகவும் கூறி 7.41 கோடி ரூபாயை முடக்க செபி உத்தரவிட்டது. ‘ஒரு நிமிடத்துக்குள்’ என்று அமெரிக்கப் பேராசிரியர்கள் அளந்தார்களே, அந்த ஒரு நிமிடத்தில்தான் இந்தப் பணம் இருந்தது. கொடுத்தவர் நேயர்.

2025 ஜனவரியில் செபி ஒரு விதியைத் தெளிவுபடுத்தியது: முதலீட்டுக் கல்வி மட்டும் தருகிறேன் என்பவர்கள், குறைந்தது மூன்று மாதம் பழைய விலைகளை வைத்துத்தான் பாடம் நடத்த வேண்டும். பலர் இதைக் கேலி செய்தார்கள். எனக்கு இது சரியான பார்வையாகவே படுகிறது. லாபம், கடன், பணவரத்து, நிர்வாகத்தின் நாணயம் என ஒரு நிறுவனத்தைப் புரிந்துகொள்ளத் தேவையானவற்றில் எதுவும் மூன்று மாதத்தில் பழசாகிவிடாது. பழசாவது டார்கெட் மட்டும்தான்.

சேனல்களுக்கு அந்த விதியை அப்படியே பொருத்த முடியாது. செய்தியை மூன்று மாதம் கழித்துச் சொல்ல முடியாது. ஆனால், பரிந்துரைக்குப் பொருத்தலாம். ஒரு நிபுணர் திரையில் வந்து ஒரு பங்குக்கு டார்கெட் சொல்லும்போது, அவர் மூன்று மாதம் முன்பும் ஒரு வருடம் முன்பும் அதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன பெயர்கள் என்ன, அன்றைய விலை என்ன, இன்றைய விலை என்ன என்பதைப் பக்கத்திலேயே காட்டச் சொல்ல வேண்டும். பதிவான ஒளிநாடா சேனலிடம் இருக்கிறது. விலை விவரம் விநாடிக்கு விநாடி வந்துகொண்டிருக்கிறது. விருந்தினர் பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடமும் இருக்கிறது. செபி ஒரு சுற்றறிக்கை போட்டால், அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்குச் சந்தை திறக்கும்போதே இதைத் தொடங்கிவிடலாம்.